பழைய முகவரும் கொமிஷன் கேட்கிறார்: கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். எங்கள் வீட்டை விற்றுத் தரும்படி இவ்வாண்டு ஜனவரி 8 ஆம் திகதி ஒரு முகவருடன் 16 வாரங்களுக்கு 'சோல் ஏஜென்சி' (தனி முகவர்) ஒப்பந்தம் செய்தோம். கட்டணம் 1.5 சதவீதம், வற் வரி தனி. வீட்டுக்கு வந்த இளைஞர் சாப்பாட்டு மேசையில் டப்லெட்டை வைத்து, விரலால் கையொப்பம் போடச் சொன்னார். விலை 465,000 பவுண் என்று போட்டார்கள். பெப்ரவரியில் ஒரு தம்பதி பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாரும் சரிவராததால் முறைப்படி அறிவித்தல் கொடுத்து, ஏப்ரல் 30 உடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம். ஜூனில் வேறொரு முகவரிடம் 435,000 பவுணுக்குக் கொடுத்தோம். அவருடைய கட்டணம் 1.2 சதவீதமும் வற் வரியும். ஓகஸ்டில் அவர் அழைத்து வந்தவர்கள் அதே தம்பதி. தங்கள் ஃபிளாட் விற்றுவிட்டதாகச் சொல்லி இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். 420,000 பவுணுக்கு முடிவாகி, செப்டெம்பர் 19 இல் மெமோரண்டம் ஒஃப் சேல் (விற்பனை இணக்கக் குறிப்பு) வந்தது. கடந்த வாரம் எக்ஸ்சேஞ்ச் (விற்பனை ஒப்பந்தப் பரிமாற்றம்) ஆயிற்று. இப்போது முதல் முகவர் 7,560 பவுணுக்கு இன்வொய்ஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டாமவருக்கு 6,048 பவுண் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்கிறார் மைத்துனர். சொலிசிட்டர் அலுவலகமோ இரண்டையும் விற்ற பணத்தில் கழித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறது. பணமும் வீடும் கைமாறும் கொம்ப்ளீஷனுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்பின் வாசகருக்கு,

உங்கள் மைத்துனர் சொல்வது பிழை. ஆனால் அதனால் முதல் முகவர் கேட்பது சரி என்றும் ஆகிவிடாது. நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, இந்த 7,560 பவுணை மறுப்பதற்கு உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது என்பது என் கருத்து. அந்த அடிப்படை எது, அதில் பலவீனமான இடம் எங்கே என்று தெரிந்துகொண்டு மறுத்தால்தான் அது நிற்கும். வெறும் கோபத்தில் எழுதும் மின்னஞ்சல் எதையும் சாதிக்காது.

முதலில் மைத்துனருக்கான பதில். சோல் ஏஜென்சி ஒப்பந்தம் முடிந்த அன்றே முகவரின் உரிமை அற்றுப்போவதில்லை. முகவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அதன் பொருளை எந்த வகையில் விளக்க வேண்டும் என்பதை வீட்டு முகவர்களுக்கான 1991 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளே வகுத்திருக்கின்றன. அந்த விளக்கத்தின் சாரம் இது: தனி முகவராக இருந்த காலத்தில் அவர் அறிமுகப்படுத்திய ஒருவரோ, அக்காலத்தில் வீடு குறித்து அவர் பேச்சுவார்த்தை நடத்திய ஒருவரோ, அல்லது அதே காலத்தில் வேறொரு முகவர் அறிமுகப்படுத்திய ஒருவரோ வீட்டை வாங்கினால், எக்ஸ்சேஞ்ச் எப்போது நடந்தாலும் கட்டணம் உண்டு. இரண்டாம் முகவரின் வேலை முழுவதும் ஜூனுக்குப் பிறகு நடந்ததால் மூன்றாவது வகை உங்களுக்குப் பொருந்தாது. 'அறிமுகம்', 'பேச்சுவார்த்தை' என்ற இரண்டு சொற்கள்தான் மிச்சம். உங்கள் வழக்கு முழுவதும் அவற்றைச் சுற்றியே இருக்கிறது.

மேலே போகுமுன், கையில் இருக்கும் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 'சோல் ஏஜென்சி' என்பதும் 'சோல் செல்லிங் ரைட்ஸ்' என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் வேறு வேறு. இரண்டாவது வகையில், அந்தக் காலத்துக்குள் உங்கள் சகோதரிக்கே வீட்டை விற்றாலும் முகவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். முதலாவதில், நீங்களே தேடிப்பிடித்த ஆளுக்கு விற்றால் கொடுக்க வேண்டியதில்லை. தலைப்பில் ஒன்றைப் போட்டு, உள்ளே நான்காம் பக்கத்தில் மற்றதன் வாசகத்தைச் செருகியிருக்கும் படிவங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கலங்க வேண்டாம். ஒரு நிபந்தனைக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடியுமானால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 69 ஆம் பிரிவு சொல்கிறது.

இனி அறிமுகம் என்ற சொல்லுக்கு வருவோம். வீட்டைப் பார்க்க ஒருவரை அழைத்து வந்தால், அவர் என்றைக்கு வாங்கினாலும் தமக்குப் பங்கு உண்டு என்று முகவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கள் கணினியில் அந்தப் பெயர் பதிவாகியிருப்பதே போதிய சான்று என்பது அவர்கள் எண்ணம். 2008 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை அளித்தது. ஃபாக்ஸ்டன்ஸ் என்ற வீட்டு முகவர் நிறுவனம் தனது முன்னாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் கொமிஷன் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. சம்பவமும் உங்களுடையதைப் போன்றதே. வாங்கியவர் முதலில் ஃபாக்ஸ்டன்ஸ் மூலமாக வீட்டைப் பார்த்தார், பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டார், பின்னர் வேறொரு முகவர் மூலமாகத் திரும்பி வந்து வாங்கினார். ஒழுங்குவிதிகளில் உள்ள வாசகம் 'நாங்கள் அறிமுகப்படுத்திய கொள்வனவாளர்' என்பது. அவர் கொள்வனவாளராக ஆவதற்கு அந்த அறிமுகம் காரணமாக இருந்திருக்க வேண்டும், வீட்டை அவர் கண்ணில் காட்டியது மட்டும் போதாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஃபாக்ஸ்டன்ஸுக்குக் கட்டணம் கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பை உங்கள் விவரங்களோடு பொருத்திப் பாருங்கள். பெப்ரவரியில் வந்தபோது தம்பதிக்கு இரண்டு தடைகள் இருந்ததாகத் தெரிகிறது: விலை அவர்களுடைய எல்லைக்கு மேலே இருந்திருக்கலாம், தங்கள் ஃபிளாட்டையும் அவர்கள் அப்போது விற்றிருக்கவில்லை. அந்த இரண்டு தடைகளும் நீங்கியதில் முதல் முகவருக்குப் பங்கு இருப்பதாக நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. விலை குறைந்தது இரண்டாமவரிடம் கொடுத்தபோது. ஃபிளாட் விற்றது அவர்களுடைய சொந்த விஷயம். பெப்ரவரிக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் ஆறு மாத மௌனம். அதன் பிறகு அவர்களைத் திரும்ப அழைத்து, இரண்டு தடவை வீட்டைக் காட்டி, 435,000 இலிருந்து 420,000 க்குப் பேசி முடித்தவர் இரண்டாம் முகவர். விற்பனைக்கு உண்மையான காரணம் யார் என்று கேட்டால், இந்த விவரங்களில் விடை அவ்வளவு கடினமானதல்ல.

ஆனாலும் உங்கள் பக்கத்தில் ஓட்டை எங்கே இருக்கக்கூடும் என்பதையும் இப்போதே தேட வேண்டும். பெப்ரவரியில் அந்தத் தம்பதி விலையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? 'நானூற்று முப்பதுக்குத் தருவார்களா' என்று ஒரு தொலைபேசிக் கேள்வி, அதற்கு முகவர் உங்களிடம் கேட்டு நீங்கள் மறுத்த ஒரு குறுஞ்செய்தி, இப்படி ஏதாவது இருந்தால் அதைப் பேச்சுவார்த்தை என்று முகவர் காட்டப் பார்ப்பார். பேச்சுவார்த்தை என்பது தனியான அடிப்படை என்பதால் அது உங்கள் வாதத்தை ஓரளவு பலவீனப்படுத்தும். ஒரு தடவை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னதை மட்டும் எவரும் எளிதில் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் விலையைக் குறைக்கும் யோசனையோடு முகவர் அந்தத் தம்பதியை மறுபடி தொடர்புகொண்டாரா என்பதும் முக்கியம். உங்கள் பழைய மின்னஞ்சல்களையும் வட்ஸ்அப் செய்திகளையும் தேடி, பெப்ரவரியில் முகவர் அனுப்பிய 'ஃபீட்பெக்' செய்தி இருந்தால் அதை அழியாமல் பத்திரப்படுத்துங்கள். 'அவர்கள் தொடர விரும்பவில்லை' என்று அவரே எழுதிய ஒரு வரி, பத்துப் பக்க வாதத்தைவிட உங்களுக்கு உதவும்.

அடுத்து ஆறு மாதக் கணக்கு. 'ஆறு மாதத்துக்குள் விற்றிருக்கிறீர்கள், ஆகவே கொடுக்க வேண்டும்' என்று முகவர் எழுதியிருந்தால் அதிசயப்பட மாட்டேன். வீட்டு முகவர்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ப்ரொபர்ட்டி ஒம்புட்ஸ்மன் திட்டத்தில் உங்கள் முகவர் சேர்ந்திருந்தால், அதன் நடத்தைக் கோவைப்படி, முதல் முகவர் அறிமுகப்படுத்திய ஒருவர் பிற்பாடு வேறொரு முகவர் வழியாக வாங்கினால், அந்த இரண்டாம் முகவரின் மெமோரண்டம் ஒஃப் சேல் முதல் ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் மட்டுமே முதலாமவர் கட்டணம் கேட்கலாம். வேறு முகவர் சம்பந்தப்படாவிட்டால் அந்த எல்லை இரண்டு ஆண்டு. உங்கள் ஒப்பந்தம் முடிந்தது ஏப்ரல் 30. மெமோரண்டம் வந்தது செப்டெம்பர் 19. ஒக்டோபர் 30 க்கு முந்தியதாக இருப்பதால் இந்த விதி உங்களுக்குக் கைகொடுக்காது. ஆனால் அது முகவருக்கும் உரிமை எதையும் புதிதாகக் கொடுத்துவிடவில்லை. அந்த ஆறு மாதம் ஒரு வேலியைப் போன்றது. வேலிக்கு வெளியே இருந்தால் கேட்கவே முடியாது. உள்ளே இருந்தால், அறிமுகமே விற்பனைக்குக் காரணம் என்பதை அவர் இன்னமும் காட்டியாக வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் டப்லெட்டில் போட்ட கையொப்பத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். 1979 ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, எந்தச் சூழ்நிலையில் கட்டணம் கொடுக்க வேண்டி வரும், அது எவ்வளவு அல்லது எவ்வாறு கணக்கிடப்படும் என்பவற்றை வாடிக்கையாளர் கட்டுப்படுவதற்கு முன்பே அவருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. அன்றைக்கு உங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் திறந்து, அது வந்த நேரத்தையும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மின்கையொப்பத்துக்குப் பக்கத்தில் சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையொப்பம் மாலை 6.40 க்கும், நிபந்தனைகள் அடங்கிய பிடிஎஃப் 6.52 க்கும் என்றிருந்தால், நிபந்தனைகளைப் படிக்காமலே கையொப்பமிட்டீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த இளைஞர் அதற்கு முன் டப்லெட்டிலேயே அவற்றைக் காட்டி, படிக்க நேரமும் தந்திருந்தால் கதை வேறு.

முகவர் இந்தக் கடமையில் தவறியிருந்தால், நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் அந்த ஒப்பந்தத்தை அவர் உங்கள்மேல் செயற்படுத்த முடியாது. உத்தரவு கேட்டு அவர் போனால், அவருடைய தவறால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு எவ்வளவு, அவருடைய குற்றம் எவ்வளவு பாரதூரமானது என்று நீதிமன்றம் நிறுத்துப் பார்த்து, கோரிக்கையைத் தள்ளலாம், அல்லது தொகையைக் குறைக்கலாம். இதை மிகையாக எண்ண வேண்டாம். 2019 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், தொலைபேசியில் பேசி வேலையை ஏற்ற முகவர் எழுத்து நிபந்தனைகளை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் கட்டணம் முழுவதும் போய்விடவில்லை. விசாரணை நீதிபதி மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தார், உச்ச நீதிமன்றம் அதையே நிலைநிறுத்தியது. ஆகவே இது உங்களுடைய இரண்டாவது வாதமாகவே இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் என்பதால் 2013 ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகள் பொருந்தும். 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தது. அந்த உரிமையை அறிவித்து, ரத்துப் படிவத்தின் மாதிரியையும் முகவர் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் நீளும். உங்கள் விஷயத்தில் அது வருகிற ஜனவரி 22 வரை ஓடும். ஏற்கெனவே முடிந்துபோன ஒப்பந்தத்தை இப்போது ரத்துச் செய்வதால் என்ன விளைவு என்பதில் முகவர் சண்டைக்கு வருவார் என்பது நிச்சயம். என்றாலும் பிடிஎஃப் இல் அப்படியொரு படிவம் இல்லையென்றால், அந்தத் திகதி கடக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் அந்தப் பக்கங்களைக் காட்டி, அறிவித்தல் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

இப்போது அவசரமான காரியம். கொம்ப்ளீஷன் அன்று இன்வொய்ஸ்களைக் கழித்துக் கொடுப்பது சொலிசிட்டர் அலுவலகங்களின் வழக்கம்தான். ஆனால் அது உங்கள் பணம், உங்கள் சம்மதத்தின்பேரில் போவது. முதல் முகவரின் கட்டணத்தை நான் ஏற்கவில்லை, என் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் செலுத்த வேண்டாம் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்பி, கிடைத்ததாக உறுதிப்படுத்தும்படியும் கேளுங்கள். விற்ற பணத்திலிருந்து நேரடியாகக் கட்டணம் எடுக்கச் சொலிசிட்டருக்கு மீளப்பெற முடியாத அதிகாரம் கொடுக்கிறேன் என்று உங்கள் முகவர் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கக்கூடும். இருந்தால் அதையும் சொலிசிட்டருக்கு முன்கூட்டியே காட்டுங்கள். கொம்ப்ளீஷன் நாள் காலையில் அது வெளியே வருவது எவருக்கும் நல்லதல்ல. கட்டணத் தகராறு இருப்பதை வைத்து முகவர் உங்கள் விற்பனையை நிறுத்த முடியாது. வீட்டின்மேல் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. ஒரேயொரு சில்லறை விஷயம்: பழைய முகவரிடம் வீட்டுத் திறப்பு ஒன்று இன்னமும் இருந்தால் உடனே வாங்கிவிடுங்கள்.

பணத்தைச் செலவழித்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 7,560 பவுணை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். தோற்றால் தயாராக இருக்கும். அதைவிட, பணம் கைவசம் இருக்கிறது என்ற நினைப்பு உங்களைப் பதற்றமில்லாமல் கடிதம் எழுத வைக்கும்.

முதல் முகவருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதை உங்கள் முறைப்பாட்டு நடைமுறையின்கீழ் செய்யும் முறையான முறைப்பாடாகக் கருதவும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த வாசகம் இல்லாவிட்டால், வெறும் கடிதப் போக்குவரத்து என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பெப்ரவரியில் தம்பதி வந்த திகதி, அவர்கள் மறுத்த காரணம், ஒப்பந்தம் முடிந்த திகதி, இரண்டாமவர் மூலம் அவர்கள் வந்த திகதி ஆகியவற்றைக் காலவரிசையில் கொடுத்து, உங்கள் அறிமுகம் இந்தக் கொள்வனவுக்குக் காரணமல்ல என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: அந்தத் தம்பதியோடு நீங்கள் கொண்ட தொடர்புகளின் பதிவு எங்கே, ஒப்பந்தத்துக்கு முன் எனக்குத் தந்த எழுத்துத் தகவல் எங்கே, ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தபோது இனியும் கட்டணப் பொறுப்பு வரக்கூடும் என்று எழுத்தில் அறிவித்தீர்களா? கடைசிக் கேள்வி காரணத்தோடுதான். ஒப்பந்தம் முடியும் வேளையில் தொடரும் பொறுப்பையும் இரட்டைக் கட்டண ஆபத்தையும் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி ஒம்புட்ஸ்மனின் நடத்தைக் கோவை எதிர்பார்க்கிறது.

இங்கிலாந்தில் வீடு விற்கும் முகவர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற குறைதீர்க்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2008 ஒக்டோபர் முதல் சட்டம். ப்ரொபர்ட்டி ஒம்புட்ஸ்மன் ஒன்று. ப்ரொபர்ட்டி ரிட்ரெஸ் மற்றது. உங்கள் முகவர் எதில் இருக்கிறார் என்பது அவருடைய கடிதத்தாளின் அடியிலோ இணையத்தளத்திலோ இருக்கும். முறைப்பாடு செய்து எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது அவருடைய இறுதிப் பதில் அதற்கு முன் வந்தால், அங்கே போகலாம். ப்ரொபர்ட்டி ஒம்புட்ஸ்மனில் இறுதிப் பதில் வந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்குச் செலவு கிடையாது. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் முகவர் கட்டுப்படுவார். ஏற்காவிட்டால் உங்களை அது கட்டாது. அதற்கு முன்பே முகவர் நீதிமன்றம் போனால், 10,000 பவுணுக்கு உட்பட்ட தொகை என்பதால் சிறு கோரிக்கைகள் பிரிவிலேயே விசாரிக்கப்படும். தோற்றாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் பெருஞ்செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. ஆனால் நீதிமன்றப் படிவம் தபாலில் வந்தால் அதை மேசையில் போட்டு வைக்க வேண்டாம். பதில் கொடுக்காமல் விட்டதற்காகவே தமக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் முகவரை மறந்துவிட்டோம். அவருக்குரிய 6,048 பவுணைக் கொடுத்துவிடுங்கள்; அதில் தகராறு இல்லை. ஆனால் கொடுக்கும் முன் ஒரு உதவி கேளுங்கள்: அந்தத் தம்பதி தம்மிடம் எப்போது பதிவு செய்தார்கள், ஓகஸ்டில் யார் யாரை அழைத்தது, எந்தெந்த நாட்களில் வீடு காட்டப்பட்டது என்று ஒரு சிறு கடிதம் தரட்டும். உங்களிடம் வேலையை ஏற்றபோது, முன்பு வேறு முகவர் இருந்தாரா, இரட்டைக் கட்டணம் வரக்கூடுமா என்று அவர் எச்சரித்தாரா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். எச்சரிக்கவில்லையென்றால், கடைசிக் கட்டத்தில் இரண்டு முகவர்களும் ஒரே கொமிஷனைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும்படி பேச அது ஒரு நெம்புகோல். அப்படிப் பகிர்ந்துகொள்வது இந்தத் தொழிலில் புதிதல்ல. முதலாமவரோடு சிறு தொகைக்குச் சமரசம் பேச நேர்ந்தால், உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது என்று தலைப்பிட்டுத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தோடு அதைக் கலக்க வேண்டாம்.

சொலிசிட்டருக்கான மின்னஞ்சல் மட்டும் இன்றே போகட்டும். மற்றவற்றுக்கு இந்த வாரம் போதும்.